மலை மாவட்டத்தில் அரசு சப்ளை டெண்டர்: ‘ஆய்வு’ என்ற நாலு வரியில் சிக்காமல் இருக்க

அரசு அலுவலகத்துக்குப் பொருள் சப்ளை செய்ய முதல்முறை டெண்டர் போடுகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பத்து ரூபாய் குறைத்தால் எல்-1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) ஆகிவிடலாமா, லாரி வாடகை போக என்ன மிஞ்சும் என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நீலகிரியில் நான் பார்த்த வரையில் புதியவர்கள் அடிபடுவது விலையில் இல்லை. டெண்டர் ஆவணத்தின் நடுவில் எங்கோ ‘ஆய்வு’ என்ற தலைப்பில் நாலு வரி இருக்கும். அதைச் சரியாகப் படிக்காததால் சிலருக்கு டெண்டர் கைவிட்டுப் போகிறது. சிலருக்கு டெண்டர் கிடைத்த பிறகு பணம் போகிறது.

விடுதிக்குப் போர்வை, மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பு என்று எதைக் கொடுக்க நினைத்தாலும் இந்தக் கட்டுரை உதவும். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஆய்வு நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் அதைப் பேச வேண்டிய நேரம் டெண்டர் போடுவதற்கு முன்பு. போட்ட பிறகு உங்கள் வாய் பாதி கட்டப்பட்டுவிடும்.

முதலில், யாருடைய டெண்டர் என்று பாருங்கள்

நீலகிரியில் இரண்டு வகை வாடிக்கையாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நலத்துறை விடுதிகள், நகராட்சிகள், குன்னூரில் இருக்கும் தேயிலைக் கழகமான டான்டீ போன்ற மாநில அரசு நிறுவனங்கள் எல்லாம் ஒரு வகை. இவற்றின் டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்துக்கும் 2000-ஆம் ஆண்டில் வந்த அதன் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. வெலிங்டன் ராணுவ அமைப்புகள், 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துவிட்ட அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை போன்றவை மத்திய அரசு சார்ந்தவை. அங்கே பொது நிதி விதிகள், பாதுகாப்புத் துறைக்கென இருக்கும் கொள்முதல் விதிகள், நிறுவனத்தின் சொந்தக் கொள்முதல் கையேடு ஆகியவற்றில் எது பொருந்துமோ அதுதான் வேதம். பல கொள்முதல்கள் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் வழியாகவே நடக்கின்றன.

இந்த வேறுபாட்டை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முறையீடு யாரிடம், எத்தனை நாளில் என்பது முழுக்க இதைப் பொறுத்தது. மாநில டெண்டரில் தோற்ற ஒருவர் மத்திய அரசின் விதியை மேற்கோள் காட்டி நாலு பக்கம் எழுதினால், படிக்கும் அதிகாரிக்கு அதைத் தள்ளிவைப்பது மிகச் சுலபம். சிறு தொகைக்கு கொட்டேஷன் வாங்கி முடித்துவிடும் கொள்முதல்களுக்கு இங்கே சொல்லும் முறையீட்டு வழிகள் பொருந்தாது.

அந்த நாலு வரியைப் படிக்கும் விதம்

‘ஆய்வு’ என்று ஆவணத்தில் வருவது எப்போதும் ஒரே ஆய்வு இல்லை. டெண்டரோடு கொடுக்கும் சாம்பிளைப் பார்ப்பது ஒன்று. ஆர்டர் தருவதற்கு முன் உங்கள் பட்டறைக்கோ தொழிற்சாலைக்கோ வந்து பார்ப்பது இன்னொன்று. சரக்கு கிளம்பும் முன் பார்ப்பது, வந்து இறங்கிய பின் பார்ப்பது என்று இன்னும் இரண்டு உண்டு. ஒரே டெண்டரில் நான்கும் இருக்கலாம். எது தகுதிக்கான நிபந்தனை, எது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான நிபந்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் தவறினால் டெண்டரே தள்ளுபடி. இரண்டாம் வகையில் தவறினால் சரக்கு தள்ளுபடி, டெபாசிட்டும் போகலாம்.

அப்புறம் பென்சிலை எடுத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் தேடுங்கள்: ஆய்வு எங்கே நடக்கும், யார் செய்வார், எந்த அளவுகோலை வைத்து, எத்தனை சாம்பிள் எடுத்து, யார் செலவில், எத்தனை நாளுக்குள். ஆவணத்தில் பதில் இல்லாத கேள்வி ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு தகராறு.

‘எங்கே’ என்பது மற்ற மாவட்டத்தில் சாதாரணக் கேள்வி. மலையில் அதுதான் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கிறது. திருப்பூரில் வாங்கி மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏற்றும் சரக்கை ஊட்டியில் இறக்கி, அங்கே ரிஜெக்ட் ஆனால், அதே மலைப்பாதையில் உங்கள் செலவில்தான் அது திரும்ப இறங்கும். சரக்குப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு வாங்கியவருக்கு இல்லை. வேண்டாம் என்று சொன்னால் போதும். விடுதிவாரியாக சப்ளை செய்யும் டெண்டர் என்றால் இன்னும் கவனம் தேவை. ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால். ஆய்வு ஊட்டியில் ஒரே இடத்திலா, ஒவ்வொரு விடுதியிலும் வார்டன் கையாலா? இதற்குப் பதில் தெரியாமல் விலை போடாதீர்கள்.

ஜெம் தளத்தில் டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே ‘ஆய்வு தேவையா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இல்லை’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. வாங்குபவர் சேர்த்திருக்கும் கூடுதல் நிபந்தனைகளின் கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ஆய்வு வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு போர்வையின் எடை

எந்த அளவுகோல் என்ற கேள்வியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் இது காகிதத் தகராறு இல்லை, இயற்பியல்.

2 கிலோ எடையுள்ள கம்பளிப் போர்வை 1,000 வேண்டும் என்று ஓர் அலுவலகம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவணத்தில் ‘எடை: 2 கிலோ’ என்று மட்டும் இருக்கிறது. கம்பளி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். துணிச் சோதனைக்கென நம் நாட்டுத் தரநிலை ஒரு சூழலை வகுத்திருக்கிறது: வெப்பம் 27 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம், இரண்டிலும் 2 வரை கூடக் குறைய இருக்கலாம். ஐ.எஸ். 6359 என்று தேடினால் கிடைக்கும். அந்தச் சூழலில் கம்பளி தன் உலர் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பருத்தியில் அது ஏறக்குறைய பாதி. அக்ரிலிக்கில் 2 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தரச் சூழலில் சரியாக 2 கிலோ நிற்கும் போர்வையில் உலர்ந்த கம்பளி சுமார் 1.72 கிலோ. ஜனவரியில், வெளியே உறைபனியும் பகலில் வறண்ட காற்றுமாக இருக்கும்போது, கிடங்கில் அதன் ஈரம் 10 சதவீதமாகக் குறைந்துவிட்டால் தராசு 1.9 கிலோ காட்டும். போர்வைக்கு 100 கிராம் குறைவு; சப்ளையர் ஏமாற்றிவிட்டார் என்று ஸ்டோர் கீப்பர் எழுதிவிடுவார். ஜூலை மழையில், மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே நுழையும் நாளில், அதே போர்வை 2 கிலோவைத் தாண்டி நிற்கும். அப்போது உண்மையிலேயே எடை குறைவாகக் கொடுத்தவரும் தப்பிவிடுவார். ஊட்டியில் பல மாதங்களில் அறைக்குள் 27 டிகிரி என்பதே கிடையாது. ஆகவே அங்கே சாதாரணத் தராசில் வைத்து எடுக்கும் எடையை வைத்து ஆயிரம் போர்வைகளின் தலைவிதியை முடிவு செய்வது யாருக்கும் நியாயம் இல்லை. குளிரில் படுக்கப்போகும் பிள்ளைகளுக்கும் நியாயம் இல்லை.

தீர்வு கடினமானது இல்லை. ‘எடை, தரச் சூழலில் பதப்படுத்திய பின், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எடுக்கப்படும். இத்தனை சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு ஏற்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். என்.ஏ.பி.எல். என்பது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு. கோயம்புத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. துணி சம்பந்தப்பட்ட சோதனைகளுக்கு அங்கே போவது நம் பக்கத்தில் வழக்கம். அந்த ஒரு வரியை ஆவணத்தில் சேர்க்க வைப்பதுதான் உங்கள் வேலை. அதைச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கும் நாட்கள் மிகக் குறைவு.

கேள்வி கேட்கும் நாட்கள்

மாநில விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே விளக்கம் கேட்டுவிட்டால், அதிகாரி பதில் தர வேண்டும். கேட்டவர் யார் என்று சொல்லாமல், ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பதிலை அனுப்ப வேண்டும். உங்கள் பெயர் போட்டியாளருக்குத் தெரியாது. அதனால் ‘நாம் கேட்டால் அலுவலகத்தில் நம்மைக் கெட்டவனாகப் பார்ப்பார்களோ’ என்று தயங்க வேண்டாம். டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம் (ப்ரீ-பிட்) வைத்தால் போய் உட்காருங்கள். ஆனால் அங்கே வாயால் கேட்டதை அன்றே எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். ‘சார் சொன்னாரே’ என்பது பிறகு எங்கேயும் செல்லாது.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். நான் எழுதித் தரும் மாதிரி இது:

“பெறுநர்: ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரி. பொருள்: கம்பளிப் போர்வை ஒப்பந்தப்புள்ளி, ஆய்வு நிபந்தனை குறித்து விளக்கம் கோருதல். ஐயா, மேற்படி ஆவணத்தின் இன்ன பக்கம் இன்ன பத்தியில் எடை 2 கிலோ எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. எடை எந்தச் சூழலில், எந்த ஆய்வகத்தில் அளக்கப்படும் என்பதையும், ஏற்கத்தக்க ஏற்றத்தாழ்வையும் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆய்வு சரக்கு கிளம்பும் முன் நடக்குமா, வந்து சேர்ந்த பின் நடக்குமா? ஆய்வுக் கட்டணம் யாருடையது? ஒவ்வொரு போர்வையும் பாலித்தீன் உறையில் தர வேண்டும் என்று இன்ன பத்தி கூறுகிறது. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை நடைமுறையில் உள்ளதால், துணி அல்லது காகித உறை ஏற்கப்படுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. சமவெளியில் தயாரான மாதிரி ஆவணத்தை அப்படியே எடுத்துப் போடும்போது பாலித்தீன் உறையும் கூடவே வந்துவிடுகிறது. உறையோடு கொண்டுபோனால் மலையேறும் வழியில் சோதனைச் சாவடியில் பிரச்சினை. உறை இல்லாமல் கொண்டுபோனால் ‘நிபந்தனைப்படி பேக்கிங் இல்லை’ என்று ஆய்வில் பிரச்சினை. முன்கூட்டியே கேட்டு வாங்கிய ஒரு வரி பதில் இரண்டையும் தீர்த்துவிடும்.

பதில் வந்தால் அது ஆவணத்தின் பகுதி. அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பி, கூடவே விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெண்டரை நிரப்பும்போது

இங்கே செய்யக் கூடாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கவரிங் லெட்டரில் உங்கள் சொந்த நிபந்தனையை எழுதாதீர்கள். ‘ஆய்வை எங்கள் குடோனிலேயே வைத்துக்கொள்ளவும்’, ‘ஆய்வுக் கட்டணம் தனி’ என்று பணிவாக ஒரு வரி எழுதினாலும் அது நிபந்தனை விதித்த டெண்டர் ஆகிவிடும். ஆவணம் ‘வந்து சேர்ந்த இடத்தில் ஆய்வு’ என்று கேட்கும்போது நீங்கள் ‘கிளம்பும் இடத்தில்’ என்று எழுதினால், நீங்கள் போட்ட விலையும் மற்றவர்கள் போட்ட விலையும் ஒரே பொருளுக்கான விலை ஆகாது. ரிஜெக்ட் ஆனால் திரும்ப இறக்கும் செலவை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள், நீங்கள் சேர்க்கவில்லை. அதனால்தான் இப்படி வரும் டெண்டரைத் தள்ளினால், மேல்முறையீடு போனாலும் உங்கள் வாதம் நிற்பது கடினம். பழைய லெட்டர்பேடின் அடியில் அச்சடித்திருக்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரிகூட வம்பு. வெறும் தாளில் அடித்துக் கொடுங்கள்.

சாம்பிள் கேட்டிருந்தால், ஒன்றுக்கு மூன்று செய்யுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு. ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, டெண்டரில் கேட்ட ஒவ்வொரு அளவுக்கும் சோதனை அறிக்கை வாங்குங்கள். மூன்றாவதைப் பிரிக்காமல் சீல் வைத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த சாம்பிளில் உங்கள் கையெழுத்து, தேதி, டெண்டர் எண் எழுதிய சீட்டைத் தைத்தே கொடுங்கள், ஒட்டினால் விழுந்துவிடும். பிறகு ‘சாம்பிள் சரியில்லை’ என்று சொன்னால், எந்த அளவில் சரியில்லை என்று கேட்க உங்களிடம் அறிக்கை இருக்கும். ‘கையால் தொட்டுப் பார்த்தோம், மென்மையாக இல்லை’ என்பது ஆவணத்தில் இல்லாத அளவுகோல். டெண்டரில் எழுதி வைத்த, அளக்கக்கூடிய காரணிகளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது.

தொழிற்சாலை ஆய்வு இருந்தால் விஷயம் சுருக்கம்: டெண்டரில் எந்த முகவரி கொடுத்தீர்களோ அங்கே இயந்திரமும் ஆளும் அன்றைக்கு இருக்க வேண்டும். ஆய்வுக் குழு எழுதும் குறிப்பில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ள முடியாததை அதன் கீழேயே ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

முடிவு வந்தது, நீங்கள் இல்லை

இப்போதுதான் பலரும் கோபப்படுகிறார்கள். கோபத்துக்கு முன் ஒரு கேள்வி: உங்கள் புகார் எந்த வகை? நான் இதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்.

‘ஆய்வு நிபந்தனையே அநியாயமானது’ என்பது உங்கள் புகார் என்றால், நிலைமை பலவீனம். அந்த நிபந்தனையைப் படித்துத்தான் கலந்துகொண்டீர்கள். தோற்ற பிறகு அதை எதிர்த்தால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். முன்பே எழுதிக் கேட்டிருந்தால் கொஞ்சம் பலம் உண்டு.

‘நான் நிபந்தனையைப் பூர்த்தி செய்திருக்கிறேன், ஆனாலும் தள்ளிவிட்டார்கள்’ என்றால், இது ஆதாரத்தைப் பொறுத்தது. சோதனை அறிக்கை, சாம்பிள் ரசீது, விளக்கக் கடிதம் எல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும்.

‘வெற்றி பெற்றவர் ஆய்வு நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லை, அவருக்கு மட்டும் தளர்த்திவிட்டார்கள்’ என்பது மூன்றாவது. இது எல்லாவற்றிலும் வலுவானது, ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், அதிகாரி தான் அறிவித்த தகுதியை எல்லோருக்கும் ஒன்றுபோல் பயன்படுத்த வேண்டும், ஒருவருக்காக விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்துவதற்கான டெண்டர் அது. 1991-இல் போத்தார் ஸ்டீல் வழக்கில் இன்னொரு பக்கத்தைச் சொன்னது. நிபந்தனைகளில் அடிப்படையானவை உண்டு, துணை நிபந்தனைகள் உண்டு. துணை நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து வற்புறுத்த வேண்டியதில்லை. அங்கே டெபாசிட்டை எந்த வடிவில் கட்டுவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. ஆகவே உங்கள் போட்டியாளர் விட்ட குறை எந்தப் பக்கம் விழும் என்று நேர்மையாக யோசியுங்கள். சோதனை அறிக்கையில் ஒரு முத்திரை விட்டுப்போனது துணை விஷயமாக முடியலாம். கேட்ட ஆய்வகச் சோதனையையே செய்யாமல் வந்தது அப்படி இல்லை. அது விலையையும் தரத்தையும் தொடுகிறது.

பத்து நாள்

மாநிலச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்புள்ளி ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். டெண்டரில் கலந்துகொண்டவர்தான் செய்ய முடியும். வெளியே நின்று பார்த்தவருக்கு இந்த வழி இல்லை. அரசிடம் என்றால் சென்னைத் தலைமைச் செயலகத்தில் அந்தத் துறையின் செயலாளருக்கு. ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மற்ற காரியங்களுக்கு அது சரி. டெண்டருக்கு அது கூடாது. மனு மேசை மேசையாகப் போய்வருவதற்குள் பத்து நாளும் முடிந்துவிடும்.

தள்ளியதற்கான காரணம் தெரியவில்லையா? யார் டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவற்றை ஏன் தள்ளினார்கள் என்ற விவரத்தை, டெண்டர் விவரங்களை வெளியிடும் அரசு இதழான டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அன்றைக்கே எழுத்தில் காரணம் கேளுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளிலும், தள்ளப்பட்டவர் கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஜெம் தளத்தில் தொழில்நுட்ப மதிப்பீட்டில் தள்ளப்பட்டால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கும் வசதி உண்டு. அதற்கான நேரம் மிகக் குறுகியது. மதிப்பீடு நடக்கும் நாட்களில் காலை மாலை தளத்தைத் திறந்து பார்க்க ஒரு ஆளை வையுங்கள். கூடலூர்ப் பக்கம் சிக்னல் போய்விட்டது என்பதை அந்தத் தளம் ஏற்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதும் நல்லதுதான். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெற்றி பெற்றவரின் சோதனை அறிக்கை, ஆய்வுக் குழுவின் குறிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஆகவே மேல்முறையீட்டை முதலில் போடுங்கள். நகல் கிடைத்ததும் கூடுதல் மனுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்முறையீட்டு மனுவில் யாரையும் திட்டாதீர்கள், லஞ்சம் என்று ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். டெண்டர் ஆவணத்தின் வாசகம் ஒரு பத்தி, நீங்கள் கொடுத்தது என்ன என்று ஒரு பத்தி, அதிகாரி சொன்ன காரணம் ஒரு பத்தி, இரண்டுக்கும் எங்கே பொருந்தவில்லை என்று ஒரு பத்தி. என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: மறு மதிப்பீடா, சாம்பிளின் மறு சோதனையா, முடிவு வரும்வரை சப்ளை ஆர்டரை நிறுத்தி வைப்பதா. சீல் வைத்த மூன்றாவது சாம்பிள் இருக்கிறது, எந்த அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கும் அனுப்பத் தயார் என்று எழுத முடிந்தால், உங்கள் மனுவுக்கு இருக்கும் கனமே வேறு.

நீதிமன்றம் போக நினைத்தால்

நீலகிரி டெண்டர் என்றால் சென்னை உயர் நீதிமன்றம். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு. போகும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நீதிமன்றம் உங்கள் போர்வை நல்லதா, அவர் போர்வை நல்லதா என்று பார்க்காது. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து இது தெளிவு. முடிவு எடுத்த விதத்தில் பாரபட்சமோ சட்டமீறலோ இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. நிபந்தனைக்கு என்ன பொருள் என்பதில்கூட, ஆவணத்தை எழுதியவரே நன்றாக அறிவார் என்று 2016-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். மதுப் புட்டிகளுக்கான ஹாலோகிராம் முத்திரைச் சீட்டு சப்ளைக்குத் தமிழ்நாடு அரசு கோரிய டெண்டரை எதிர்த்த யூஃப்ளெக்ஸ் வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. தோற்றவர்கள் மீது வழக்குச் செலவையும் சுமத்தியது. பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். கோத்தகிரியில் நாலு தையல் மெஷின் வைத்திருக்கும் குழு தாங்காது.

இன்னொன்று தாமதம். மேலே சொன்ன ரமணா ஷெட்டி வழக்கில் சட்டப்படி மனுதாரர் சொன்னதைத்தான் நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. அவர் சில மாதங்கள் தாமதித்து வந்திருந்தார், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் நிறையச் செலவு செய்திருந்தார் என்பது காரணங்களில் ஒன்று. போர்வை டெண்டரில் இது இன்னும் வேகமாக நடக்கும்: மூன்று வாரத்தில் சரக்கு விடுதிக்குப் போய்விடும், பிள்ளைகள் போர்த்திக்கொண்டுவிடுவார்கள். அதன்பின் எந்த நீதிபதி திரும்ப வாங்கச் சொல்வார்?

டெண்டர் உங்களுக்கே கிடைத்தால்

ஆய்வுத் தகராறு இன்னும் முடியவில்லை. இப்போது எதிர்ப்பக்கம் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஆர்டர் கிடைத்த பிறகு ‘அவசரம், ஆய்வு இல்லாமலே அனுப்புங்கள்’ என்று யாராவது போனில் சொன்னால் அனுப்பாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். அப்படித் தளர்த்துவதே தோற்றவர்கள் உங்களுக்கு எதிராகக் கொண்டுபோகும் முதல் ஆதாரம் ஆகும். பில் தணிக்கைக்குப் போகும்போதும் அங்கேதான் நிற்கும்.

சரக்கு இறங்கும் அன்று டெலிவரி சலானில் எண்ணிக்கை, தேதி, பெற்றவர் கையெழுத்து, முத்திரை. இந்தத் தேதிக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், பெற்ற நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். அதிலிருந்து, எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள், அது எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தர வேண்டும்; தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. மூன்று மாதம் கழித்து ‘எடை குறைவு’ என்று கடிதம் வந்தால், நீங்கள் முதலில் காட்ட வேண்டியது இந்தச் சலானைத்தான். ஜெம் தளத்திலும் பெற்றவர் 10 நாளுக்குள் ஏற்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஏற்பாடு உண்டு.

இந்தச் சட்டப் பாதுகாப்பு உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவைச் செய்த குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் 2021-இல் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது, ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது முன்னுரிமைக் கடன் வசதி மட்டும். திருப்பூரில் வாங்கி ஊட்டியில் விற்கும் நண்பர்கள் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். உங்களுக்கு இருப்பது சரக்குப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு: நியாயமான காலம் வரை பொருளை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் வாதம்.

உற்பத்தியாளராக இருந்து பணம் நின்றுவிட்டால், மத்திய அரசு இதற்கென வைத்திருக்கும் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். இந்த நிலுவைப் புகார்களை விசாரிப்பது வசதியாக்க மன்றம்: நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூரில் இருப்பது, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. அங்கே வரும் முடிவை எதிர்த்து அலுவலகம் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆகவே பெரும்பாலும் அதற்கு முன்பே பேச வருவார்கள்.

மழைக்காலத்தில் சப்ளை தேதி விழுந்தால் ஒரு கூடுதல் வேலை. குன்னூர்ப் பாதையிலோ கோத்தகிரிப் பாதையிலோ மண் சரிந்து போக்குவரத்து நின்றால், அன்றைக்கே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பாதை, எந்த லாரி எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நீட்டிப்பு வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு வந்திருந்தால் அதையும் இணையுங்கள். ஆய்வுக்கு அதிகாரி வரவேண்டிய தேதி தள்ளிப்போனாலும் இதேபோல் எழுதுங்கள், ஏனென்றால் அவர் வராத நாட்களும் சேர்ந்துதான் உங்கள் கணக்கில் தாமத அபராதமாக ஏறும்.